சோப்புப் போட்டுக் கழுவிய கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டர் கடைக்குள் காலை வைத்ததுமே அவருக்கு அருவருப்புத் தட்டியது. நாற்றம் ஒன்றும் இல்லை. நாற்றமாக இருந்தால் பழகிய எதிரி, சமாளித்திருப்பார். இது வெளிச்சம். சுவர் முழுக்க அடுக்கியிருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கெல்லாம் ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே காத்தாடிகள். காத்தாடிகளுக்குள்ளே விளக்குகள். அவை சிவப்பாகி, ஊதாவாகி, பச்சையாகி, பச்சை பிடிக்காமல் போனது போல மறுபடியும் சிவப்பாகின. யாரோ வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்துப் போட்டு, போதாததற்கு அதில் சீரியல் பல்பும் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அவருடைய மூக்கின் இடது பக்கம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

"ஏங்க," என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பாமலே.

மூக்கு இறங்கியது.

அந்த மூக்குக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. சாப்பாட்டுக் கடைகளின் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து சோதனை போடும் சுகாதார ஆய்வாளர் அவர். கடை முதலாளிகள் அவர் கையில் இருக்கும் பேனாவைப் பார்ப்பதில்லை, மூக்கைத்தான் பார்ப்பார்கள். அது ஏறினால் கடை மூடும். ஆபீசில் அவருக்கு 'மூக்கர்' என்று பெயர். கூப்பிடுகிறவர்கள் அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியில் பேர் வாங்கித் தந்த அதே மூக்கு வீட்டில் கொஞ்சம் சேதம் செய்திருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் சோபா கிடையாது. ஏனென்றால், பார்த்த சோபா ஒவ்வொன்றையும் அவர் குனிந்து மோந்து, "யார் யார் உட்கார்ந்து பாத்துட்டுப் போனாங்களோ" என்று முகத்தைச் சுளித்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து, வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையில் போன பிறகும், புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் குழாயடியில் வைத்துக் கழுவலாம் அல்லவா. திரைச்சீலைக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டி, கம்பளத்துக்குப் பதில் வெறுந்தரை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஆசை ஆசையாகப் புறப்பட்டாள். இவர் சுளித்தார். அவள் திரும்பி வந்தாள்.

அதனால்தான் இந்தத் தடவை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: "இத பாருங்க. இது எனக்காக நான் கேக்குற ஒரே பொருள். இதுக்கும் மூஞ்சியச் சுளிச்சீங்கன்னா, சண்டை போட மாட்டேன். இனிமே உங்கள எதுக்கும் கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்."

கத்திச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதில்தான் அவருக்கு உதறல் எடுத்தது.

அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் ஓட்டும் காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து அவர்கள் உயிரையும் தெருவில் போகிறவர்கள் உயிரையும் காப்பாற்றுவது. போன மாதம் தம்பி வீட்டுக்குப் போனவள், அவன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் பார்த்தாள். பெரிய லாரி. முழங்கால் சேறு. மலை. அந்தச் சேற்றில் லாரியை ஓட்டிக்கொண்டு போய் மரக்கட்டை இறக்க வேண்டும். சும்மா பார்க்கலாம் என்று உட்கார்ந்தவள், மேசையில் வைத்த சாப்பாடு ஆறிக் காய்ந்துபோன பிறகும் எழுந்திருக்கவில்லை. "நாள் பூரா மத்தவங்களுக்கு நான் பிரேக் பிடிக்கிறேன்," என்றாள் திரும்பி வரும்போது. "எனக்கு ஒரு நாள் ஓட்டணும்ங்க. பக்கத்துல யாரும் பிரேக் பிடிக்காம."

இப்போது கடையில் கண்ணை வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். முடியவில்லை. கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து வாங்கிப் பூட்ட அவர் ஒப்பினதே, மச்சினன் அதை அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னதால்தான். "அத்தான், ஒரு சமையலறைன்னு வச்சுக்கங்க. பிராசஸர்தான் தலைமைச் சமையல்காரர். ராம் வந்து அவர் வேலை செய்யுற மேடை. பவர் சப்ளை கேஸ் சிலிண்டர். காத்தாடிங்க புகைபோக்கி. மதர்போர்டு மொத்தக் கட்டடம்." கேட்டபோது அழகாகத்தான் இருந்தது. இங்கே வந்து பார்த்தால், மேடைக்கு விளக்கு. புகைபோக்கிக்கு விளக்கு. சிலிண்டருக்குக்கூட விளக்கு. எந்தச் சமையல்காரனாவது சிலிண்டருக்கு ஊதாக் கலர் விளக்குப் போட்டிருந்தால், அவன் கடையை அன்றைக்கே இழுத்துச் சாத்தியிருப்பார்.

"விளக்கு இல்லாத ராம் இருக்கா?" என்று கடைக்காரரைக் கேட்டார், குரலில் முடிந்த அளவு தேனைக் கலந்து.

"இருக்கு சார். ஆனா அது ஆபீசுக்கு வாங்குவாங்க."

"ஆபீஸ்னா என்ன மட்டமா?"

"ஏங்க," என்றாள் மனைவி.

"இல்லம்மா, சும்மா விசாரிச்சேன். விளக்கு நல்லா இருக்கு. பளபளன்னு… நல்லா இருக்கு."

அவள் கடையிலேயே அதிகமாக மினுக்கிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். அதன் காத்தாடிகளில் ரோஸ் நிறமும் கிளிப்பச்சையும் ஒன்றையொன்று துரத்தின. கடைக்காரர் பிராசஸர் மேல் தடவும் சாம்பல் நிறப் பசையை ஊசிக்குழாயில் எடுத்துக் காட்டினார். சளி பிடித்த குழந்தையின் மூக்கடியில் அந்த நிறத்தை அவர் பார்த்திருக்கிறார். தும்மலை அடக்குகிறவர் போல முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சாருக்கு ரொம்ப சந்தோஷம் போல," என்றார் கடைக்காரர்.

எல்லாம் சேர்ந்தது, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தவிர. சேறு சேறாகத் தெரிய வேண்டுமானால் அது நல்லதாக இருக்க வேண்டுமாம். நல்லதாகப் புதுசு வாங்கினால் வீட்டை விற்க வேண்டியதுதான். "பழசு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன் அத்தான்," என்றான் மச்சினன் போனில். "ஆள் நல்ல ஆள். ஆனா, வீடு கொஞ்சம்… நீங்க கார்லயே இருந்துக்கங்க." அக்காவுக்கும் அது கேட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள். "நான் வரேன்," என்றார் அவர், தூக்குமேடைக்குப் போகிறவர் குரலில்.

நண்பகலில் அந்த ஆள் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு காற்று வந்து ஆய்வாளருடைய மூக்கைத் தட்டி, உள்ளே வா என்றது. பூனை மூத்திரம், நேற்றைய சிகரெட், முந்தாநாள் சாக்ஸ். ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது, அதையும் ஒரு செடித்தொட்டி பாதி அடைத்திருந்தது. மேசையில் ஒரு குவளை, அதில் பச்சைப் பாசி ஒரு சின்ன மைதானம் போல விளைந்திருந்தது. கீபோர்டின் பொத்தான்களுக்கு நடுவே ரொட்டித்தூள், முடி, ஒரு வெட்டின நகம். பிறைபோல முழு நகம். கம்ப்யூட்டர் பெட்டி சூடாக இருக்கும் என்பதால் அதன் மேல் கண்ணில் பீளை வடிய ஒரு பூனை படுத்திருந்தது.

ஆய்வாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனசுக்குள் நோட்டீஸ் எழுதினார், முத்திரை குத்தினார், பூட்டுப் போட்டார். முகம் மட்டும் திறந்தே இருந்தது. மனைவி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்ட போர்வைக்காரர், பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கப்பை எடுத்தார். போர்வை நுனியால் உட்பக்கம் துடைத்தார். ஊற்றினார்.

ஆய்வாளர் கப்பை வாங்கினார். விளிம்பில் முன்பு யாரோ குடித்த உதட்டுத் தடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் குடிக்கிறது போல ஒரே மடக்கில் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம்?"

"போதும் தம்பி. ரொம்ப… ரொம்ப நல்லா இருந்துச்சு." வேலையில் சேர்ந்ததிலிருந்து இத்தனை பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை.

போர்வைக்காரர் பூனையைத் தூக்கிக் கீழே விட்டு, சேற்று லாரியை ஓட்டிக் காட்டினார். படம் பளிச்சென்று ஓடியது. மனைவியின் கண்ணும் பளிச்சென்றது. பிறகு போர்வைக்காரர் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றி ஆய்வாளர் கையில் கொடுத்தார். செங்கல் அளவு இருந்தது. மூன்று காத்தாடிகள். ஒவ்வொன்றிலும் பூனைமுடி திரிதிரியாகச் சுற்றியிருந்தது. எல்லாவற்றின் மேலும் சிகரெட் புகை மஞ்சள் பிசுக்காகப் படிந்திருந்தது. உலோகத் தகடுகளின் இடுக்கில் ஒரு கரப்பான்பூச்சியின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கால் மட்டும். மீதி எங்கே என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது அவள்தான் ஓட்டினாள். அவர்களுடைய கார் டிரைவிங் ஸ்கூல் கார்தான். அதனால், அவர் உட்காரும் பக்கத்திலும் நிஜமாகவே ஒரு பிரேக் இருந்தது.

"மூஞ்சியச் சுளிக்கவே இல்லையே நீங்க," என்றாள். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அது நல்ல தூரத்தில்தான் வந்தது, ஆனாலும் அவர் கால் தானாகப் போய் மிதித்தது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

"நான் பாத்துட்டேங்க," என்றாள் அவள்.

"தெரியும். கால்தான் கேக்கல."

மறுநாள் அவளுக்குக் காலையில் வகுப்பு. சாயங்காலம் தம்பி வருவான், பிரஷ்ஷும் ஊதுகுழலும் கொண்டு வந்து சுத்தம் பண்ணுவான், அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து பூட்டலாம் என்று ஏற்பாடு. கார்டைச் சாப்பாட்டு மேசையில், அவருடைய துண்டை விரித்து, அதன் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில். அவருடைய துண்டில்.

முதலில் அவர் வேறு அறைக்குப் போய்ப் பேப்பர் படித்தார். கரப்பான் கால் பேப்பரிலும் தெரிந்தது. சரி, முடியை மட்டும் எடுத்துவிடுவோம் என்று கையுறை மாட்டினார். முடி வந்தது, பிசுக்கு வரவில்லை. காதுகுடையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்தார். குச்சி மஞ்சளானது, காத்தாடி அப்படியே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். பிசுக்கு கரைந்து இன்னும் கேவலமாக வழிந்தது. தண்ணீர் விடாத சுத்தம் ஒரு சுத்தமா என்று அவருக்குள்ளே இருந்த ஆய்வாளர் கேட்டார். அடுத்து அவருக்கு நினைவு வந்தபோது சமையலறைத் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெந்நீர் கொட்டியது, நுரை பொங்கியது, பழைய பல்துலக்கி ஒன்று தகடு தகடாக நுழைந்து வந்தது. காப்பி நிறத் தண்ணீர் ஓடியது. அப்புறம் டீ நிறம். அப்புறம் தெளிந்த தண்ணீர். அவருக்கு மெய்சிலிர்த்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

நன்றாக உதறி, தட்டு ஸ்டாண்டில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினார். பாந்தமாக நின்றது. அடிப்பக்கம் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் பளபளத்தன. அதைப் பார்த்த பிறகுதான், இது தட்டு இல்லை, கரண்டுச் சாமான் என்பது அவருக்கு உறைத்தது.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"கழுவினேன்னா என்ன அத்தான், பிரஷ்ஷால தட்டினீங்களா?"

"கழுவினேன்."

"ஈரத்துணியா?"

"கழுவினேன்டா. குழாயில. சோப்புப் போட்டு."

"என்ன சோப்பு?"

"எலுமிச்சை வாசனை. ஏன்?"

"இல்ல, சாகப்போறது வாசனையாவாவது சாகுதேன்னு கேட்டேன்."

"டேய்!"

"கரண்டு குடுத்தீங்களா? இல்லையே? அப்ப ஒரேயடியா ஒப்பாரி வைக்காதீங்க. சிலது பிழைக்கும். நல்லாக் காயணும், நாலஞ்சு நாளாவது ஆகும்."

"உங்கக்கா இன்னிக்குப் பூட்டணும்னு காத்துக்கிட்டு இருக்காளே."

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். அதுக்குள்ள காஞ்சிடும். ஓடுச்சுன்னா வாயத் திறக்காதீங்க. ஓடலன்னா, அந்தப் போர்வைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

நல்ல யோசனைதான். அவர் அதை வாயில் போட்டு மென்று பார்த்தார். உடனே எத்தனையோ கடை முதலாளிகளின் முகம் வந்தது. எலிப்புழுக்கையைக் காட்டினால், "சமையல்காரன் நேத்துத்தான் சேர்ந்தான் சார்" என்று பக்கத்தில் நிற்கிறவன் தலையில் கட்டுகிறவர்கள். எலியைக்கூட அவர் மன்னிப்பார். அது எலி. இவர்களைப் பார்த்தால்தான் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். குழாய்க்கு மேலே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார். மூக்கு முழுசாக மேலே ஏறியிருந்தது. எதிரே வேறு யாரும் இல்லை.

"வேணாம்டா. நீ சாயங்காலம் வந்துடு," என்றார்.

அவள் வீட்டுக்குள் வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. "ஸ்டீயரிங்குங்க! தனியா விக்கிறாங்க, மேசையில மாட்டிக்கலாம். வகுப்புப் பிள்ளைங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், இன்னிக்கு டீச்சர் ஓட்டப் போறேன்னு…" பாதியில் நிறுத்தினாள். தட்டு ஸ்டாண்டைப் பார்த்தாள். கார்டின் மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"நான்தான்," என்றார். "சோப்புப் போட்டு."

அவள் அட்டைப்பெட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"அருவருப்பா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லையா? அந்த டீய நான் குடிச்சேன்னா நெனச்சீங்க? ஜன்னல்ல இருந்த செடியில ஊத்திட்டேன். அந்தச் செடி இந்நேரம் உசுரோட இருக்கோ என்னவோ."

"ஊத்திட்டியா? அப்ப நான் எதுக்குடி குடிச்சேன்?"

"எனக்காகக் குடிச்சீங்க. ராத்திரி பூரா அத நெனச்சு நெனச்சுச் சந்தோஷமா இருந்தேன்." அவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க அருவருப்புப் படுறதுல எனக்கு ஒண்ணும் இல்லங்க. நான் ஒண்ணக் கையில எடுத்தா, அடுத்த நிமிஷம் அது உங்க கைக்குப் போயிடுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கழுவலாமா கூடாதான்னு தம்பிய விசாரிச்சுட்டு, நானும் கூட நின்னு தேச்சிருப்பேன். நான் ஓட்டும்போதெல்லாம் நீங்க அந்தப் பக்கத்துல மிதிச்சுடுறீங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். அது பேசாமல் நல்ல பிள்ளை போலத் தரையில் இருந்தது.

"இப்ப என்ன பண்ணலாம்? நீயே சொல்லு," என்றார்.

அவர் அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், அது படிந்தால்தான் ஆபத்து, உப்பில்லாத தண்ணீரில் ஒரு தடவை அலசலாம் என்றான் அவன். "பேட்டரித் தண்ணியா?" என்று கேட்டாள். "கார் டிக்கியில கேன் கேனா இருக்கே." அவளே போய் எடுத்து வந்தாள். அவர் பிடித்துக்கொள்ள அவள் ஊற்றினாள். எங்கே திருப்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

சாயங்காலம் தம்பி வந்து, திருப்புளியால் காத்தாடியையும் தகடுகளையும் கழற்றினான். உள்ளே வெந்நீரில் மூழ்கிச் செத்த ஒரு கரப்பான் குடும்பமே இருந்தது. பெரிசு, சின்னது, பொடிசு, பொரியாத முட்டைக்கூடு. காலில்லாத ஆளும் அதில் இருந்தார். எல்லாம் கொழகொழவென்று மேசையில் சரிந்து விழுந்தன.

"ஐயய்யோ!" என்று அவள் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். முகம் அஷ்டகோணலாகி, மூக்கு நெற்றியைத் தொட்டது.

"உன் மூஞ்சியக் கண்ணாடியில பாரு," என்றார் அவர். அவருக்கும் குமட்டியது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தான் கழுவலன்னா திறந்திருக்கவே மாட்டோம்க்கா," என்றான் தம்பி. "இதோட அப்படியே பூட்டியிருப்போம்."

"அதுக்காக இவரு செஞ்சது சரின்னு ஆயிடாது," என்றாள் நாற்காலி மேல் நின்றபடியே. "முதல்ல அத அள்ளுங்க யாராவது!"

அவர்தான் அள்ளினார்.

கார்டு நாலைந்து நாள் ஜன்னலோரம் காய்ந்தது. அவர் தொடவில்லை. எட்ட நின்று பார்த்தார், அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று தம்பி சொன்ன பிறகு, புதுப் பசை தடவி, எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டினார்கள். ஸ்விட்சை அவள் போட்டாள். காத்தாடிகள் சுற்றின. ரோஸும் கிளிப்பச்சையும் துரத்த ஆரம்பித்தன. திரை கறுப்பாகவே நின்றது. நின்றது. நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரை வெளுத்தது. வீட்டில் லேசாக எலுமிச்சை வாசனை வந்தது.

"உட்காருங்க," என்றாள், பக்கத்து நாற்காலியைக் காட்டி.

லாரி கிளம்பியது. சேறு என்றால் அப்படி ஒரு சேறு. கொழகொழவென்று, பழுப்பும் பச்சையுமாக, குமிழி விட்டுக்கொண்டு. ஒன்றுக்கும் உதவாத பழைய கார்டாக இருந்திருந்தால் இத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்காது. முன்கண்ணாடி முழுக்கச் சேறு அப்பியது.

"வைப்பர் போடேன்."

"போட மாட்டேன்."

அவர் மூக்கு ஏறியது. அந்த ரோஸ் வெளிச்சத்தில், பெட்டியின் கண்ணாடியில் அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

"சுளிங்க, பரவாயில்ல," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த வாரம் சோபா பாக்கப் போவோமா? இந்த நாற்காலியில ரொம்ப நேரம் ஓட்டினா முதுகு வலிக்கும் போல."

சோபா. யார் யார் உட்கார்ந்து பார்த்தார்களோ. அவர் எச்சிலை விழுங்கினார். "போலாம்," என்றார். "ஆனா நான் மோந்து பாப்பேன்."

"பாருங்க. வாங்குறது நான்."

லாரி ஒரு வளைவில் திரும்பியது. நேரே ஒரு குட்டை, ஆழம் தெரியாத, நாற்றமடிக்கிற மாதிரியான குட்டை. நாற்காலிக்கு அடியில் அவர் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. லாரி போய்க்கொண்டே இருந்தது.

"இதுல உங்க பக்கம் பிரேக் கிடையாதுங்க," என்றாள்.

அவர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டார். லாரி மூக்குக் குப்புறக் குட்டைக்குள் பாய்ந்தது.